பழைய வேட்டியில் சுங்குடி: பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு வழிமுறை

மதுரையிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், சுங்குடிச் சேலையின் ஒவ்வொரு புள்ளியும் சாயம் ஏறாமல் இருக்கக் கட்டிய ஒரு முடிச்சு என்பது முப்பது வயதைத் தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிரா வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும் என்றார். அன்று வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, ஒரே தடவை கட்டி ஒதுக்கிவிட்ட சேலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் 'துணியை வீணாக்கக் கூடாது' என்று பாடம் நடத்திப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு கைக்குட்டையில் நாற்பது முடிச்சு கட்டச் சொன்ன நாளில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிமிர்ந்து, "டீச்சர், அப்ப ஒரு சேலைக்கு எத்தனை நாள் கட்டுவாங்க? அதை எவ்வளவுக்கு விக்கிறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலையை மூன்று சனிக்கிழமைகளாகப் பிரித்துச் செய்கிறேன். இது எனக்குப் பழகிய முறை. வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் செய்யலாம்.

தேவையானவை

கட்டிக் கட்டி நைந்த பருத்தி வேட்டி ஒன்று. புதுத் துணியைவிட இதுவே மேல். கஞ்சியெல்லாம் போய்ச் சாயத்துக்குத் தயாராக இருக்கும். ஓர் இழையை உருவிப் பெரியவர்கள் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல் கெட்டியானால் பாலியஸ்டர் கலந்தது, இதில் சாயம் சரியாக ஏறாது.

துணியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். கீழே சொல்லும் அளவெல்லாம் 100 கிராம் துணிக்கு. கடுக்காய்ப் பொடி 20 கிராம், படிகாரம் 15 கிராம் (இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்), காய்ந்த வெங்காயத் தோல் 100 கிராம், சலவைச் சோடா, பூ கட்டும் நூல். பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வேண்டும். அலுமினியமும் இரும்பும் நிறத்தை மாற்றிவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

வெங்காயத் தோலுக்குச் சந்தைக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தால் போதும், ஒரு சாக்கு நிறையவே கிடைக்கும்.

முதல் சனிக்கிழமை: துணியைப் பழக்குதல்

ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்ட தண்ணீரில் துணியை ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த வேட்டியிலிருந்து எவ்வளவு பழுப்பு இறங்குகிறது என்பதைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். பிறகு நன்றாக அலசுங்கள்.

அடுத்தது கடுக்காய். இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும்; பருத்திக்கு அந்தப் பிடிமானம் குறைவு. கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் ஒட்டும், படிகாரம் அந்தத் துவர்ப்பில் ஒட்டும், சாயம் படிகாரத்தில் ஒட்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் நிறம் இரண்டு சலவையில் ஓடிவிடும். எழுதுகோலால் படம் வரைந்து சாயமிடும் கலம்காரித் துணிக்கும் முதல் வேலை கடுக்காய்தான்; அங்கே மை பரவாமல் இருக்கப் பாலும் சேர்ப்பார்கள்.

முழுக் கடுக்காய் வாங்கினால் உடைத்துக் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் பொடியுங்கள். 'கடுக்காய்க்கு அகணி நஞ்சு' என்று மருந்துக்குச் சொல்வார்கள். சாயத்துக்கும் அந்தக் கொட்டை வேண்டாம். பொடியை மூன்று லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் வெயிலில் உலர்த்துங்கள். துணி இளமஞ்சளாகியிருக்கும். அது காய்ந்ததும் படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணி மூழ்குமளவு தண்ணீர் சேர்த்து, இன்னோர் இரவு ஊறவைத்து, லேசாக அலசிக் காயப்போடுங்கள்.

செம்பு, குரோமியம் உப்புகளைப் போட்டால் நிறம் தூக்கலாக வரும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் அவை வரவே கூடாது. அவற்றைக் கலந்துவிட்டு இயற்கைச் சாயம் என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது.

இரண்டாம் சனிக்கிழமை: முடிச்சு

நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்கள் கொண்டுவந்த கைத்தொழில் இது. குஜராத்தில் இதேபோல் முடிச்சுப் போட்டுச் சாயமிடும் பாந்தனிக்கு உறவு. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைகளில் இந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சு. கையால் கட்டிய புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, துணியும் அந்த இடத்தில் லேசாகச் சுருங்கி எழும்பி நிற்கும். இரண்டு வகைத் துணியையும் கொண்டுவந்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணியில் பென்சிலால் கோலப் புள்ளி வையுங்கள். முதல் தடவைக்கு ஏழு புள்ளி ஏழு வரிசை போதும். துணியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த இடத்தை உளுந்து அளவுக்கு நகத்தால் கிள்ளித் தூக்கி, அடியில் நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போங்கள். வீட்டில் பூ கட்டிப் பழகிய பிள்ளைகளின் விரல் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்குப் பத்தாவது முடிச்சில் வந்துவிடும். முதல் வருஷம் நேரம் மிச்சமாகட்டும் என்று ரப்பர் பேண்ட் கொடுத்தேன். கொதிநீரில் இளகிப் பாதிப் புள்ளிகள் காணாமல் போயின. பருத்தி நூல் நனைந்தால் இன்னும் இறுகும்.

யாரையும் விரட்டாதீர்கள். நாற்பத்தொன்பது முடிச்சுக்கு ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று அவரவர் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் சனிக்கிழமை: சாயம்

அடுப்பு வேலை பெரியவர்களுடையது. வெங்காயத் தோலை மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். முடிச்சுகளோடு துணியை நனைத்து இறக்கி, தளதளவென்று கொதிக்காமல் சிறு தீயில் இன்னொரு முக்கால் மணி நேரம் வையுங்கள். அப்படியே ஆறவிட்டால் நிறம் நன்றாக ஏறும். பெரிய வெங்காயத் தோலில் பொன்னிறமும் செம்பழுப்பும் வரும்.

கொதிக்கிற நேரத்தில் நான் நொய்யலைப் பற்றிச் சொல்வேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு வந்து தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத நிலையை எட்டிய பிறகே திறக்கலாம் என்பது நிபந்தனை. பட்டறைத் தொழிலாளிகளின் வேலை போனதையும் சேர்த்தே சொல்வேன். நூறு ரூபாய் பனியனை மலிவு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அதன் மீதிக் கணக்கும் தெரிய வேண்டும்.

நம் பாத்திரத்தில் மிஞ்சியதையும் அவர்கள் முன்னாலேயே கையாளுங்கள். தோல் உரக்குழிக்கு. சாயத் தண்ணீரில் இன்னும் இரண்டு துணி நனைக்கலாம், இளநிறம் வரும்.

முடிச்சை அவிழ்த்தல்

துணியை அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஈரத்தில் அவிழ்த்தால் சாயம் புள்ளிக்குள் இறங்கிவிடும். எதிரெதிர் மூலைகளை இரண்டு பேர் பிடித்துக் குறுக்காக இழுத்தால் நூல் படபடவென்று தெறிக்கும். வகுப்பே அமைதியாகிவிடும். புள்ளிகள் பால்வெள்ளையாக இருக்காது. கடுக்காய் தந்த சந்தன நிறத்தில் இருக்கும்.

கறுப்பு வேண்டுமென்றால்

துருப்பிடித்த ஆணிகளையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, மூடியை இறுக்காமல் மூன்று வாரம் வையுங்கள். கலம்காரிக் கறுப்பின் அடிப்படை இதுதான். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கைந்து மேசைக்கரண்டி கலந்து, கடுக்காய் ஏற்றிய துணியை முக்கினால் மஞ்சள் துணி கண்ணெதிரே கரும்சாம்பலாகும். ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காமல் உடனே அலசுங்கள். இரும்பு அதிகமானால் நூல் இற்றுப்போகும்.

துவைப்பதும் சோதிப்பதும்

தனியாக, மென்மையான சோப்பில், பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். வெங்காய நிறம் வெயிலில் மங்கும், மஞ்சள்கிழங்குச் சாயம் இன்னும் சீக்கிரம் மங்கும். மாதுளைத் தோல் நின்று பிடிக்கும். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ஒவ்வொரு சாயத்திலும் ஒரு கீற்றுத் துணி நனைத்து, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுப்பவர் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும்.