தடுப்பூசி முகாமில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்க் கடலோர ஊர்களில் புதன்கிழமை முகாம்களுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே மறுபடியும் செய்கிறார்கள். உடலில் ஊசி போடும் இடம் மாறுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே சொல்லவில்லை.

சளி என்று குழந்தையைத் திருப்பி அனுப்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மீன் விற்கும் ஒரு தாய், அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு, ஆறு வாரக் கைக்குழந்தையோடு தேவனாம்பட்டினம் முகாமுக்கு வந்தார். மூக்கு ஒழுகுவதைப் பார்த்த செவிலியர், "சளி சரியானதும் கூட்டிட்டு வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த முறை வயிற்றுப்போக்கு என்று திருப்பினார்கள். அதன்பின் அந்தத் தாய் வரவேயில்லை. பதின்மூன்றாம் மாதத்தில் அட்டையை வாங்கிப் பார்த்தால், பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்குக் கீழே அத்தனை கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

அரசு அட்டவணைப்படி கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஆகிய இரண்டின் முதல் தவணையும் ஒரு வயதுக்குள் தொடங்கப்பட வேண்டும். எனவே அக்குழந்தைக்கு ரோட்டா கிடைக்கவேயில்லை. பென்டாவேலன்ட்டுக்குப் பதிலாக, நிமோனியா, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமியைத் தடுக்காத டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஊசி) மட்டுமே போட முடிந்தது.

சளி, இருமல், லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, ஆன்டிபயாடிக் சாப்பிடுவது ஆகிய எதுவும் தடுப்பூசிக்குத் தடையல்ல. கடும் காய்ச்சலோ, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயோ இருந்தால் தள்ளிப்போடலாம். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், அந்த ஊசியை மீண்டும் போடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்குவது

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஒன்பதாம் மாதத்தோடு முடிந்ததாக விடுவது

தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி போட்டதும், எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் அட்டையைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் டி.பி.டி. பூஸ்டரும், 5 வயதில் இன்னொரு பூஸ்டரும், 10, 16 வயதுகளில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியும் பாக்கியிருக்கின்றன. தொண்டை அடைப்பானுக்கு எதிரான காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால், இந்தப் பள்ளி வயதுத் தவணைகளை ஒன்பதாம் மாதத்திலேயே தாயிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உறைந்த பென்டாவேலன்ட் குப்பி

உருகினாலும் போடக் கூடாது.

கர்ப்பிணியிடம் பழைய அட்டையைக் கேட்காதது

முந்தைய பேறுகாலத்தில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியை இரண்டு தவணை போட்டுக்கொண்டு, மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றவருக்கு ஒரு பூஸ்டர் போதும். மற்றவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் வேண்டும்.