புதுப் பயனருக்குப் பரிந்துரைக்க முகநூல் பதிவுகளை எடுக்கிறீர்களா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

உங்கள் இணையக் கடையில் புதிதாகச் சேர்ந்தவர் இன்னும் எதையும் வாங்கவில்லை, எதையும் தொட்டும் பார்க்கவில்லை, அப்படியானால் அவருக்கு எதைக் காட்டுவது? கோல்ட் ஸ்டார்ட் என்று சொல்வது இந்தச் சிக்கலைத்தான். அவருடைய பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். கொஞ்சம் தெரியும். ஆனால் ஒருவர் எதைப் பற்றிக் கதைக்கிறார் என்பதும் அவருக்கு எது வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

2022இல் கொழும்பில் எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு என்று எல்லோரும் எழுதித் தள்ளினோம். சொற்களை மட்டும் எண்ணும் மொடல், அதாவது பதிவுகளை வைத்து விருப்பத்தைக் கணிக்கப் பழக்கிய கணினி நிரல், அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் இன்றைக்கும் அடுப்பையும் இன்வேர்ட்டரையும்தான் காட்டிக்கொண்டிருக்கும். பழைய பதிவுக்கு எடையைக் குறையுங்கள், புலம்பலையும் விருப்பத்தையும் பிரித்துப் பாருங்கள்.

பெரிய அடி மொழியில்தான் விழும். வெள்ளவத்தையில் ஒருவர் "கொத்து அந்தமாதிரி மச்சான்" என்று போட்டால் அது உச்சப் பாராட்டு. இந்தியத் தமிழில் மட்டும் பழகிய மொடலுக்கு அது பொருளில்லாத ஒரு சுட்டு. அதே ஆள் அடுத்த பதிவில் "எளகிரி" என்று எழுதுவார். சிங்களத்தில் அதற்கு நேர்ப்பொருள் பசும்பால், பேச்சில் "அருமை". அகராதியை நம்பினால் பால்மா விளம்பரம் போகும்! போதாததற்கு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் "நல்லா" என்ற ஒரு சொல்லையே நாலு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். அதனால் மொடலைப் பழக்குவதற்கு முன் சில நூறு பதிவுகளையாவது இந்த ஊர்க்காரர்களை வைத்து வாசித்துக் குறிக்கச் சொல்லுங்கள், இந்த வேலைக்குக் குறுக்குவழி கிடையாது.

சோதனையிலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது எளிது. மொடலைப் பழக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று தரவு வரிகளைக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் வந்துவிடுவார், பிறகு அவர் எப்படிப் புதியவர்? ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரு புத்தகத்தை வாங்கிய பின் அவர் எழுதிய பதிவை வைத்து அதை வாங்குவார் என்று கணிப்பதும் கணிப்பல்ல. அப்புறம், எல்லோருக்கும் ஒரே பிரபலப் பட்டியலைக் காட்டினால் என்ன பலன் வரும் என்று கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். அதை வெல்லாவிட்டால் பதிவுகளைத் தொடவே தேவையில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அனுமதி. விரதப் படம், பெருநாள் வாழ்த்து, தேர்தல் கருத்து என்று ஒருவருடைய பக்கத்தைப் பத்து நிமிடம் உருட்டினாலே அவருடைய இனமும் மதமும் அரசியலும் வெளியே வந்துவிடும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை விசேட வகைத் தரவு என்றே வைத்திருக்கிறது. இந்த ஊரில் அந்த விவரம் தவறான கையில் போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே பொதுவில் கிடக்கிறதே என்று அள்ளாதீர்கள். எந்தப் பதிவு, எதற்காக என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்கும், எதையுமே பதிவிடாதவருக்கும், பிடித்த மூன்று வகையைத் தெரிவுசெய்யும் ஒரு திரை போதும். சரி என்றவருக்கும், அவர் உண்மையில் எதைத் திறக்கிறார், எதை வாங்குகிறார் என்பது தெரியவரத் தெரியவரப் பதிவுகளைக் கைவிட்டுக்கொண்டே வாருங்கள்.