தசை வலியோடு பயிற்சி செய்யலாமா? திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு பையன் போன வாரம் மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி நின்று, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான். ஏறும்போது அவ்வளவு கஷ்டப்படவில்லை. இறங்கும்போதுதான் முகம் கோணியது. ஸ்குவாட் (முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி எழும் பயிற்சி) போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. "அண்ணா, இன்னிக்குப் பண்ணலாமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

லேசாகச் செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த 'லேசாக' என்ற சொல்லை ஆளாளுக்கு எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நான் எங்கே சறுக்கினேனோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். தண்ணீர் குடிக்காதது, வார்ம் அப் செய்யாதது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலி விட்டதும் தசை ஆறிவிட்டது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

நடப்பது இதுதான். மூன்றாம் நாள் காலை, தொடை கல் மாதிரி இருக்கிறது. சரி, லேசாக ஏதாவது செய்வோம் என்று பத்து நிமிடம் சைக்கிள் மிதிக்கிறார். உடம்பு சூடாகிறது, இறுக்கம் தளர்கிறது, வலி காணாமல் போகிறது. "அட, சரியாகிவிட்டதே!" என்று நேராகப் போய் முதல் நாள் தூக்கிய அதே எடையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்.

சரியாகவில்லை. அசைவு வலியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். உட்கார்ந்து ஓய்வெடுத்த சிறிது நேரத்தில் அது திரும்பி வரும். லேசான பயிற்சியால் கிடைப்பது தற்காலிக நிவாரணம். தசை ஆறும் வேகத்தை அது பெரிதாகக் கூட்டுவதில்லை.

பழக்கமில்லாத பயிற்சி செய்த வலி உடனே வராது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் அடங்கும். நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் தசை அதிகம் அடிபடுகிறது: டம்பெல்லை மெல்ல இறக்கும்போது, ஸ்குவாட்டில் கீழே போகும்போது, சரிவில் ஓடும்போது. அப்படி அடிபட்ட தொடையைப் படி இறங்குவது மறுபடி அதே வேலைக்கு இழுக்கிறது. அந்தப் பையனுக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருந்ததற்கு இதுதான் காரணம். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே, இந்தத் தாமதமான வலி வெறும் களைப்பு அல்ல, தசைக்குள் உண்டாகும் கிழிசலோடு தொடர்புடையது என்று எழுதினார். நுண்ணிய சேதம், அதைத் தொடரும் அழற்சி, கூச்சம் கூடிப்போன நரம்பு முனைகள் என்று இன்றைக்கு இன்னும் விரிவாக விளக்குகிறார்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வலி அடுத்த நாள்தான் வருகிறது, ஆனால் தசையின் பலம் பயிற்சி முடிந்த உடனேயே குறைந்துவிடுகிறது. பயிற்சி கடுமையாக இருந்திருந்தால், வலி போன பிறகும் பலம் முழுதாகத் திரும்பியிருக்காது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று உள்ளுக்குள் கணிக்கும் திறமையும் அந்த நாட்களில் மங்கலாகவே இருக்கும். பலம் குறைந்த, கணிப்பு தவறும் காலை வைத்துக்கொண்டு, வலி இல்லை என்ற ஒரே தைரியத்தில் முழு எடையைத் தூக்குவது எவ்வளவு ஆபத்து!

நானே இதில் மாட்டியிருக்கிறேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒருநாள் வெறி பிடித்ததுபோல நூறு லன்ஜஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் பயிற்சி) போட்டேன். மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்காரக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. லேசாக ஓடினால் சரியாகும் என்று மைதானத்துக்குப் போனேன். கால் மணி நேர மெதுவோட்டத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. அங்கே சில நண்பர்கள் போட்டி வைத்து ஓடிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். ஆறேழு தப்படி ஓடியதும் பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்ததுபோல ஓர் அடி. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. இரண்டு நாளில் அந்த இடம் ஊதாவாகக் கன்றி முழங்கால் வரை இறங்கியது. எட்டு வாரம் ஓடவே இல்லை. அன்று மெதுவோட்டத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அடுத்த வாரமே நல்லபடியாக ஓடியிருப்பேன்.

அதனால் 'லேசாக' என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது. பக்கத்தில் இருப்பவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். 20 முதல் 30 நிமிடம் போதும். சமதளத்தில் நடை, எதிர்ப்பைக் குறைத்து வைத்த சைக்கிள், நீந்தத் தெரிந்தால் நிதானமான நீச்சல். குதிப்பது, சரிவில் இறங்குவது, எடையை மெல்ல இறக்குவது எதுவும் வேண்டாம். கால் வலிக்கிறது என்றால் அன்று கைக்கும் தோளுக்கும் வழக்கமான பயிற்சி செய்யலாம், அதில் தடையில்லை.

அந்தத் தசைக்கு எப்போது மறுபடி வேலை கொடுப்பது? வார்ம் அப் செய்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கச் சொல்வேன். கையை ஊன்றாமல், மூன்று எண்ணும் நேரத்தில் நாற்காலியில் மெல்ல உட்காருங்கள். கடைசி நாலு விரல் உயரத்தில் தொடை நடுங்குகிறதா, பொத்தென்று விழுகிறீர்களா என்று பாருங்கள். விழுந்தால் இன்னும் ஒருநாள் பொறுங்கள். விழாவிட்டாலும் முதல் செட்டைப் பாதி எடையில் தொடங்குங்கள்.

லாக்டிக் ஆசிட்டைக் கரைக்கிறேன் என்று ஓடுவது

தசையில் லாக்டிக் ஆசிட் தேங்கியதால்தான் வலிக்கிறது, ஓடினால் அது கரையும் என்று பலர் நம்புகிறார்கள். கரைக்க அங்கே எதுவும் இல்லை. பயிற்சியில் கூடும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் என்று இவர்கள் சொல்வது இதைத்தான்), முடித்து ஒரு மணி நேரம் போலவே பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது

எழுந்து நடங்கள்.

வலி மாத்திரை போட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருவது

வேண்டாம்.

வலிக்கும் தசையை இழுத்துப் பிடிப்பது

வலிக்கிற இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டி இழுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டுவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சிக்கு முன் நீட்டினாலும் பின் நீட்டினாலும் இந்த வலியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு. உங்களுக்கு இதமாக இருந்தால் மென்மையாகச் செய்யுங்கள், தடுக்க மாட்டேன். ஏற்கெனவே நைந்திருக்கும் தசையை வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். அழுத்தித் தேய்ப்பதற்கும் இதையேதான் சொல்வேன்.

வலிக்கவில்லை என்று எடையைக் கூட்டுவது

நாலைந்து வாரம் ஒழுங்காக வந்தவர்கள் திடீரென்று வந்து, "இப்பல்லாம் வலிக்கவே மாட்டேங்குது, பயிற்சி வேலை செய்யலையோ?" என்பார்கள். வேலை செய்வதால்தான் வலிக்கவில்லை! ஒரு பயிற்சியை ஒருமுறை செய்தாலே தசை தன்னைத் தேற்றிக்கொள்கிறது. அடுத்தமுறை அதே வேலைக்குச் சேதமும் வலியும் குறையும், அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நிற்கும். வலி எவ்வளவு என்பதை வைத்துத் தசை எவ்வளவு வளர்ந்தது என்று சொல்ல முடியாது. எத்தனை முறை தூக்கினீர்கள், எவ்வளவு எடை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முன்னேற்றம் அதில் தெரியும்.

எல்லா வலியையும் ஒரே வலி என்று தள்ளிவிடுவது

பயிற்சியால் வரும் வலி மந்தமாக, தசை முழுக்கப் பரவி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அசைக்க அசைக்கக் கொஞ்சம் இளகும். பயிற்சியின் நடுவிலேயே சுளீரென்று பிடித்தது, ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற புள்ளி, மூட்டுக்குள் குத்தல், அசைக்க அசைக்கக் கூடும் வலி, கன்றிப்போன தோல் என்றால் அது வேறு. அதற்கு லேசான பயிற்சி மருந்தல்ல, காட்டிப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கும் பயிற்சி கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: அளவு கடந்த பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, கையையோ காலையோ மடக்க முடியாமல் போய், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், அது சாதாரணத் தசை வலி இல்லை. தசை நார்கள் உடைந்து அவற்றுக்குள் இருக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. நிறம் மாறியிருந்தால் அதுவே போதும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன பயிற்சி, எத்தனை முறை, என்றைக்குச் செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.