நடுத்தர ஜெட் விமானத்தை வாடகைக்கு அமர்த்தும் முன் பார்க்க வேண்டியவை

சார்ட்டர் விமானம், அதாவது முழுதாக வாடகைக்கு அமர்த்தும் விமானம், தேடுபவர்கள் பெரும்பாலும் விமானத்தின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். பயணத்திலிருந்து தொடங்குவதே சரியான முறை. எத்தனை பேர் போகிறீர்கள், பெட்டிகளோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு, எந்த ஓடுபாதையிலிருந்து எந்த ஓடுபாதைக்கு, எந்த மாதத்தில் என்ற நான்கையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைக் கேட்காமலேயே ஒரு விமானத்தைப் பரிந்துரைக்கும் தரகரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நடுத்தர வகை என்பது ஏழு முதல் ஒன்பது பேர் வரை அமர்ந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் இடைநில்லாமல் பறப்பதற்கு ஏற்ற ஜெட்களைக் குறிக்கும். ஹாக்கர் 800எக்ஸ்பி, லியர்ஜெட் 60, செஸ்னா சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ், சைட்டேஷன் லாட்டிட்யூட், எம்பிராயர் பிரேட்டர் 500 ஆகியவை இந்த வகையில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள். லியர்ஜெட் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது. ஹாக்கர் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய விமானம் பாதுகாப்பானதே. ஆனாலும் அது பழுதானால் மாற்று விமானம் எவ்வளவு விரைவில் வரும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரம் பற்றிய எண்களில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தயாரிப்பாளர்கள் லாட்டிட்யூடுக்கு 2,700 கடல் மைல், அதாவது சுமார் 5,000 கிலோமீட்டர் என்றும், பிரேட்டர் 500க்கு 3,340 கடல் மைல் என்றும் குறிப்பிடுகிறார்கள். இவை நான்கு பேர் மட்டும் ஏறி, காற்று எதிர்க்காத நிலையில், சிக்கனமான வேகத்தில் பறக்கும்போது கிடைக்கும் தூரங்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு எதிரே 160 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஐந்து மணி நேரத்தில் 800 கிலோமீட்டர் குறைந்துவிடும். குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும் பயணங்களில் இதைவிட வலுவான காற்றும் சாதாரணமாக வீசும்; அதனால் போகும்போது எரிபொருளுக்காக ஓரிடத்தில் இறங்க நேர்ந்து, திரும்பும்போது அது தேவைப்படாமல் போவதும் உண்டு. எடையும் தூரத்தைக் குறைக்கும். தொட்டி நிறைய எரிபொருள் நிரப்பிய பின் 450 கிலோ மட்டுமே ஏற்றக்கூடிய ஒரு விமானத்தில், பெட்டிகளோடு ஆளுக்கு 110 கிலோ வீதம் எட்டுப் பேர் ஏறினால், மொத்தம் 880 கிலோ ஆகிறது. மீதி 430 கிலோவுக்கு எரிபொருளைத்தான் குறைக்க வேண்டும். அது அரை மணி நேரத்துக்கும் மேலான பறப்புக்கு உரிய அளவு. ஆகவே, 'இந்த விமானம் எவ்வளவு தூரம் போகும்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'இத்தனை பேரோடும் இத்தனை பெட்டிகளோடும், இந்த மாதத்தின் வழக்கமான காற்றில், நிற்காமல் போய்ச் சேருமா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஓடுபாதையும் இதே அளவு கவனத்துக்கு உரியது. ஊருக்கு அருகிலுள்ள சிறிய விமான நிலையத்தில் இறங்கி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகவே பலர் சார்ட்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில், முழு எடையோடு மேலெழும்ப எக்ஸ்எல்எஸ் விமானத்துக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் போதும். லியர்ஜெட் 60 விமானத்துக்கு 1,600 மீட்டருக்கு மேல் வேண்டும். உயரமான இடத்திலும் கடும் வெயிலிலும் இந்தத் தேவை இன்னும் கூடும். வாடகைக்கு ஆள் ஏற்றும் ஜெட்கள், இருக்கும் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்க முடிய வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிப்படை விதி. தனி அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் ஓரளவு தளர்வு உண்டு. 900 மீட்டரில் நிற்கக்கூடிய விமானத்துக்கு இந்த விதிப்படி 1,500 மீட்டர் தேவை. ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னும் 15 சதவீதம் சேர்ந்து 1,725 மீட்டர் ஆகும். தன் சொந்த விமானத்தில் நண்பர் ஒருவர் இறங்கிய ஓடுபாதையில் அதே ரகச் சார்ட்டர் விமானம் இறங்க மறுப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். வழக்கத்தைவிடச் செங்குத்தான 5.5 பாகைச் சரிவில் இறங்க வேண்டிய லண்டன் சிட்டி போன்ற நிலையங்களுக்கு விமானமும் விமானிகளும் தனியாக அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

கேபினைப் பொறுத்தவரை, இருக்கை எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். 'ஒன்பது இருக்கை' என்பதில் கழிப்பறையில் சீட் பெல்ட் பொருத்திய ஓர் இருக்கையும் சேர்ந்திருக்கலாம். லாட்டிட்யூட், பிரேட்டர் இரண்டிலும் தரை சமமாக இருப்பதால் ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்து நடக்கலாம். எக்ஸ்எல்எஸ்ஸில் நடுவழி பள்ளமாக இருந்தும் உயரம் 1.73 மீட்டர்தான். முதியவர்கள் உடன் வந்தால் சமமான தரைக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும் என்பது என் கருத்து. எக்ஸ்எல்எஸ், லாட்டிட்யூட் இரண்டிலும் பெரிய பெட்டிகள் வெளிப்புற அறையில் இருப்பதால் பறக்கும்போது அவற்றை எடுக்க முடியாது. மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் பைகளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் இருந்தால் அவற்றின் நீளத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். இணைய வசதி தரைக் கோபுரங்கள் வழியாக வருவதாக இருந்தால் கடலுக்கு மேலே கிடைக்காது.

விமானத்தைவிட அதை இயக்கும் நிறுவனம் முக்கியம். தரகர் வேறு, இயக்குபவர் வேறு. வாடகைக்கு விமானம் இயக்க அரசு தரும் சான்றிதழ்களில் யாருடையதன் கீழ் உங்கள் பயணம் நடக்கிறது, அந்த விமானத்தின் பதிவு எண் அதில் இருக்கிறதா, காப்பீடு வாடகைப் பயணத்துக்குச் செல்லுமா என்று கேளுங்கள். உரிமம் இல்லாமல் மலிவாக ஓட்டும் விமானத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடக்கூடும். ஆர்கஸ், வைவர்ன் போன்ற பாதுகாப்புத் தணிக்கை அமைப்புகள் இயக்கும் நிறுவனத்துக்குத் தந்த தரம் பார்க்கத்தக்கது; தணிக்கையாளர் நேரில் வந்து பார்த்த தரமா, ஆவணங்களை மட்டும் பார்த்துத் தந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விமானிகள் இருவர் இருந்தாலும் ஓய்வு விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். காலையில் போய் நள்ளிரவில் திரும்பும் திட்டத்துக்கு இன்னும் இரண்டு விமானிகள் தேவைப்படலாம்.

கட்டணத்தை ஒப்பிடும்போது மணிக்கட்டணத்தை மட்டும் பார்க்காமல் முழுத் தொகையைப் பாருங்கள். விமானம் உங்களிடம் காலியாக வருவதும் திரும்புவதும், விமானிகளின் இரவுத் தங்கல், நாளொன்றுக்கான குறைந்தபட்ச மணிக்கணக்கு, இறங்கும் கட்டணம், பனி அகற்றும் செலவு ஆகியவை அதில் அடங்குமா என்று வரிவரியாகக் கேளுங்கள். காலியாகத் திரும்பும் விமானத்தில் இடம் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் முதலில் அமர்த்தியவர் தன் பயணத்தை மாற்றினால் உங்கள் பயணமும் ரத்தாகும் என்பதால், தேதி மாற்ற முடியாத காரியங்களுக்கு அதை நம்பாதீர்கள். விமானம் பழுதானால் மாற்று விமானத்தின் கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள்.