அன்றாடப் பயன்பாட்டுக்கு நிலையான லினக்ஸ்: தேர்வும் பராமரிப்பும்

லினக்ஸ் இயங்குதளத்தில் 'நிலையான வெளியீடு' என்று சொல்லும்போது, அதில் வரும் நிரல்களின் பதிப்புகள் வெளியீட்டுக்குப் பிறகு பெரும்பாலும் மாறாமல் இருக்கும் என்பதும், பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டுமே தொடர்ந்து வரும் என்பதும் பொருள். கணக்கெழுதவும், பாடம் தயாரிக்கவும், கடிதம் அச்சிடவும் கணினியை நம்பியிருப்பவருக்கு இதுவே தேவை. எனவே திரையின் அழகைப் பார்ப்பதற்கு முன், அந்த வழங்கலுக்கு (டெபியன், உபுண்டு போன்று தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வகைக்கு) எத்தனை ஆண்டுகள் ஆதரவு உண்டு என்று பாருங்கள்.

டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலையான பதிப்பை வெளியிடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் ஆதரவு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதங்கள். உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். ஃபெடோரா நன்றாகச் செய்யப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதங்களில் காலாவதியாகிவிடும்.

வீட்டுக் கணினிக்கு நான் பரிந்துரைப்பது 'சின்னமன்' என்ற திரையமைப்புடன் வரும் மின்ட் பதிப்பு. நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே உள்ள பழைய கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான திரையமைப்புடன் வரும் மின்ட் பதிப்பு பொருந்தும். அமைப்புகளைத் தாமே கவனித்துக்கொள்ள விரும்புவோர் டெபியனை எடுக்கலாம். வைஃபை போன்றவற்றுக்கான, மூலநிரல் திறந்திராத ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) 12ஆம் பதிப்பிலிருந்து அதன் நிறுவியிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், முன்பிருந்த பெரும் தொல்லை நீங்கிவிட்டது.

முடிவெடுப்பதற்கு முன், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள்; இந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து மிச்சப்படுத்த வேண்டாம். பதிவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பின் (நிறுவல் வட்டின் பிரதி) செக்சம், அதாவது கோப்பு பழுதில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண், சரியா என்று பார்த்த பிறகே அதைப் பென்டிரைவில் எழுதுங்கள். வைஃபையில் இணைந்து ஒரு காணொளியை ஓடவிட்டு ஒலியைக் கேளுங்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். அச்சுப்பொறியில் ஒரு தாளை எடுங்கள். பிறகு மடிக்கணினியின் மூடியைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, வைஃபை தானாக மீண்டும் இணைகிறதா என்று கவனியுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் நிறுவியதால், ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கணினியை மறுதொடக்கம் செய்யும் நிலை எனக்கு ஒரு மாதம் நீடித்தது. இன்டெல், ஏ.எம்.டி. கிராஃபிக்ஸுக்கான இயக்கிகள் லினக்ஸுடனேயே வருகின்றன. என்விடியா இருந்தால், நிறுவிய பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜர் பரிந்துரைக்கும் இயக்கியை மட்டும் போடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99 உட்படப் பல விசைப்பலகை அமைப்புகள் கிடைக்கும். லிப்ரே ஆபீஸில் 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவற்றை அடித்து, அச்சிலும் சரியாக வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நிறுவி முடித்த அன்றே டைம்ஷிஃப்ட் என்ற மீட்பு நிரலைத் திறந்து, இயங்குதளத்தின் அப்போதைய நிலையை வாரம் ஒருமுறை சேமிக்கும்படி அமையுங்கள். ஒரு புதுப்பிப்பால் கணினி கோளாறானால் முந்தைய நிலைக்கே திரும்பிவிடலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் ஹோம் கோப்புறையை இயல்பாகச் சேர்ப்பதில்லை. ஆகவே புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் தனியாகப் படியெடுத்து வைக்க வேண்டும்.

நிலையான அமைப்பு பெரும்பாலும் நம் கையாலேயே கெடுகிறது. இணையத்தில் கண்ட கட்டளையை ஒட்டி, பி.பி.ஏ. (வெளியார் நடத்தும் உபுண்டு மென்பொருள் களஞ்சியம்) ஒன்றைச் சேர்த்து, டெபியனின் நிலையான பதிப்பில் 'டெஸ்டிங்' எனும் சோதனைப் பதிப்பின் களஞ்சியத்தையும் கலந்துவிட்டால், எந்த நிரல் எதைச் சார்ந்திருக்கிறது என்ற கணக்கே குழம்பிவிடும். இத்தகைய கலவையை டெபியன் சமூகத்தினர் 'ஃபிராங்கன்டெபியன்' என்றழைத்து எச்சரிக்கிறார்கள். புதிய பதிப்பு கட்டாயம் வேண்டிய செயலிகளை ஃபிளாட்பேக்காக (இயங்குதளத்திலிருந்து தனித்து நிற்கும் தொகுப்பாக) நிறுவினால் அடித்தளம் தொடப்படாமல் இருக்கும். டெபியனில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) தேவைப்பட்டால் அதற்கென்றே பேக்போர்ட்ஸ் என்ற களஞ்சியம் இருக்கிறது.

அடுத்த பெரிய பதிப்பு வந்தவுடன் மாற வேண்டியதில்லை. ஆதரவுக் காலம் முடிவதற்குள், வேலை குறைந்த ஒரு வாரத்தில், படியெடுத்து வைத்த பிறகு மாறினால் போதும். டெபியன்காரர்கள் இதையும் அளவுக்கு மீறித் தள்ளிப்போட வேண்டாம்: 11இலிருந்து நேராக 13க்குத் தாவும் வழிக்கு ஆதரவில்லை, 12ஐக் கடந்தே செல்ல வேண்டும்.