காணொளிக்கு முன் கல்வெட்டு

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் வரலாறு படிக்கும் மாணவர்கள் பலர், காணொளிப் பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, கல்வெட்டு, ஆவணம் போன்ற மூலச் சான்றுகளைத் தேர்வு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். அந்த வாரத்துக்குரிய சான்றை முதலில் படித்து, யார், எப்போது, யாருக்காக, எதற்காக எழுதினார் என்று நான்கு வரி குறித்துக்கொண்ட பிறகே காணொளியைத் திறந்தால், பேராசிரியர் சொல்வதில் எது ஆதாரம், எது அவருடைய விளக்கம் என்பது பிரிந்து தெரியும்.

பழகிக்கொள்ளப் பெங்களூரின் தொம்லூர் பகுதியிலுள்ள சொக்கநாதசுவாமி கோயிலே போதும். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் ஹொய்சள மன்னர் வீர இராமநாதன் காலத்தவையும் உண்டு. அவற்றின் வாசகத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும், கல்வெட்டு ஆய்வாளர் லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியில் காணலாம்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்து தேய்ந்திருப்பதால் கல்லை நேராகப் படிக்க முயன்று சலித்துப்போக வேண்டாம் (சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துப் பார்க்கும் வேலையும் கூடவே கூடாது). அச்சுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மன்னர் பெயர், ஆட்சியாண்டு, கொடையாளர், கொடுத்த பொருள் ஆகியவற்றை மட்டும் முதலில் தேடுங்கள். இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வரலாற்று முதுகலையில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு மதிப்பெண் இருப்பதால், இப்படி எடுத்த குறிப்புகள் அங்கே நேரடியாகவே உதவும்.