ஆஃப்சீசன் பிட்சர் விவாதத்தை உருப்படியாக நடத்துவது எப்படி: ரெட் சாக்ஸை வைத்து ஒரு வழிகாட்டி

நவம்பர் வந்துவிட்டால் பேஸ்பாலில் ஆட்டம் கிடையாது, ஆனால் ரசிகர்களுக்குள் சண்டை அப்போதுதான் சூடு பிடிக்கும். எந்த பிட்சரை (பந்து வீசுபவரை) எடுத்தார்கள், யாரைக் கைவிட்டார்கள், நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு விவரம் இருக்கிறதா இல்லையா என்று மார்ச் கடைசி வரைக்கும் இதே பேச்சுதான். தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால் ஒரு முடிவைப் பற்றிப் பேசும்போது, அது எடுக்கப்பட்ட அன்றைக்குக் கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்து எடை போடுங்கள். பத்து மாதம் கழித்து ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்" என்பது யாராலும் முடியும். பாஸ்டன் ரெட் சாக்ஸின் கடந்த சில குளிர்காலங்களில் நல்லது கெட்டது எல்லாமே நடந்திருப்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி.எல். மாதிரி இங்கே ஏலம் இல்லை. அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் ஆறு வருஷ சர்வீஸ் முடியும்வரை வீரர் அந்த அணியின் கையில்தான் இருப்பார். பொதுவாக முதல் மூன்று வருஷம் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம், அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் முடிவு செய்வது), அதற்கப்புறம்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசலாம். சம்பளத்துக்கு மேல்வரம்பு கிடையாது, ஆனால் அணியின் மொத்தச் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் லக்ஷரி டாக்ஸ் கட்ட வேண்டும். 2025-ல் அந்த அளவு 24.1 கோடி டாலர். தாண்டிய தொகைக்கு முதல் தடவை 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருஷமும் தாண்டினால் 30, மூன்றாவது வருஷத்திலிருந்து 50.

அடுத்து, யாரைத் திட்டுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வீரர்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த ஹைம் ப்ளூமை 2023 செப்டம்பரில் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, 2013-ல் உலகத் தொடர் வென்ற அணியில் ரிலீவராக (ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசுபவராக) இருந்த கிரெய்க் பிரெஸ்லோவைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் முழு மூச்சோடு இறங்குவோம் என்று அணி நிர்வாகத்தின் சேர்மன் டாம் வெர்னர் சொன்னதை ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் பிட்சிங்கில் செய்த பெரிய செலவே லூகாஸ் ஜியோலிட்டோவுக்கு இரண்டு வருஷத்துக்குக் கொடுத்த 3 கோடியே 85 லட்சம் டாலர்தான், அவரோ மார்ச்சில் முழங்கை ஆபரேஷன் செய்துகொண்டு 2024 முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எவ்வளவு செலவு செய்யலாம் என்பது முதலாளிகள் கையில், அந்தப் பணத்தில் யாரை எடுப்பது என்பது பிரெஸ்லோ கையில். முதலாளிகள் மேல் உள்ள கோபத்தை பிரெஸ்லோ மேல் இறக்கினால் விவாதம் எங்கேயும் போய்ச் சேராது.

சரி, பிட்சரை எப்படிப் பார்ப்பது? வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். 2024-ல் கேரட் குரோஷேயின் கணக்கு 6 வெற்றி, 12 தோல்வி. அவர் ஆடிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அந்த வருஷம் 121 ஆட்டங்களில் தோற்ற அணி. ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டிங் பிழையால் வந்தது நீங்கலாக ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) 3.58, பரவாயில்லை ரகம். ஆனால் ஈ.ஆர்.ஏ.வில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் கையும் சேர்ந்தே இருக்கும். பிட்சரின் சொந்தக் கையை மட்டும் பார்க்க ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), வாக் (நாலு தவறான பந்து வீசி பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ் கொடுப்பது), ஹோம் ரன் மூன்றையும் பாருங்கள், எஃப்.ஐ.பி. என்கிற கணக்கே அதை வைத்துத்தான் போடுகிறார்கள். குரோஷே 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து 33 வாக் மட்டுமே கொடுத்திருந்தார். அதே சமயம் 2022-ல் டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கைத் தசைநாரைச் சரிசெய்வது) செய்துகொண்டவர், ஸ்டார்ட்டராக அவருக்கு அதுதான் முதல் சீசன், அதற்கு முன் மேஜர் லீகில் மொத்தமே 73 இன்னிங்ஸ்தான் வீசியிருந்தார், சீசனின் பின்பாதியில் ஒரு ஆட்டத்தில் நாலு இன்னிங்ஸுக்கு மேல் அவரை விடவும் இல்லை. ஆகவே 2024 டிசம்பரில் கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி உட்பட நாலு இளம் வீரர்களைக் கொடுத்து அவரை வாங்கியபோது "இவர் 180 இன்னிங்ஸ் தாங்குவாரா" என்று கேட்டவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2025-ல் 205 இன்னிங்ஸ் வீசி 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார் என்பதால் அந்தக் கேள்வி முட்டாள்தனம் ஆகிவிடாது.

இதற்கு நேர் எதிர் கேஸ் கிறிஸ் சேல். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பி, வான் கிரிஸம் என்ற இளம் இன்ஃபீல்டரை வாங்கினார்கள், கூடவே 1.7 கோடி டாலரையும் கொடுத்தார்கள். அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு: வயது 34, 2020 முதல் 2022 வரை மூன்று வருஷத்தில் மொத்தம் 11 ஸ்டார்ட், 2023-ல் 20 ஸ்டார்ட், ஈ.ஆர்.ஏ. 4.30. இதை மட்டும் பார்த்தால் அனுப்பியது சரி என்றே தோன்றும். இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். அதே 2023-ல் 102 இன்னிங்ஸில் 125 ஸ்ட்ரைக்அவுட், 29 வாக். கையில் சரக்கு அப்படியே இருந்தது, சந்தேகம் எல்லாம் உடம்பு தாங்குமா என்பதில்தான். ஸ்டார்ட்டருக்கே தட்டுப்பாடாக இருந்த அணி, இப்படி ஒருவரைச் சம்பளத்தில் பெரும்பகுதியையும் கையிலிருந்து கொடுத்து அனுப்பியது அன்றைக்கே தப்பு என்பது என் கருத்து. மறு வருஷம் 18 வெற்றி, 2.38 ஈ.ஆர்.ஏ., லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது என்று அவர் எடுத்ததை என் வாதத்துக்குச் சாட்சியாகச் சேர்க்க மாட்டேன், நீங்களும் சேர்க்காதீர்கள்.

ரிலீவர்களைப் பற்றி அடித்துப் பேசாமல் இருப்பது நல்லது. வருஷத்துக்கு அறுபது எழுபது இன்னிங்ஸ் வீசுபவரின் எண்ணிக்கை எந்தப் பக்கமும் சாயலாம். 2024-ல் வாக் அள்ளிக் கொடுத்த அரோல்டிஸ் சாப்மனை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள், 2025-ல் அவர் ஈ.ஆர்.ஏ. 1.17. அதே குளிர்காலத்தில் எடுத்த ஸ்டார்ட்டர் வாக்கர் பியூலர் விஷயத்தில் தலைகீழ். 2024 உலகத் தொடரின் கடைசி இன்னிங்ஸை வீசி முடித்தவர் என்ற பெருமையில் ரசிகர்கள் மயங்கினார்கள், ஆனால் 2024 சீசன் முழுக்க அவர் ஈ.ஆர்.ஏ. 5.38. அக்டோபரின் சில இன்னிங்ஸைவிட ஒரு சீசனின் பதினாறு ஸ்டார்ட்டுக்குத்தான் எடை அதிகம். ஆகஸ்ட் 2025-ல் அவரை விடுவித்தார்கள்.

கருத்து சொல்வதற்கு முன் அன்றன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கொடுத்த விலை என்ன, எவ்வளவு இன்னிங்ஸ் எதிர்பார்க்கிறீர்கள், எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள். அக்டோபரில் எடுத்துப் படித்தால் உங்கள் கணிப்பு எங்கே வழக்கமாகச் சறுக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், எதிரில் இருப்பவர் நிர்வாகத்தைத் திட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவருக்குப் பதில் யார்?" பெயர் சொல்ல வேண்டும், விலை சொல்ல வேண்டும். குரோஷேக்கு நாலு பேரைக் கொடுத்ததற்குப் பணத்தை மட்டும் கொடுத்து மேக்ஸ் ஃப்ரீடை எடுத்திருக்கலாமே என்பது நல்ல வாதம். யாங்கீஸ் அவருக்கு எட்டு வருஷத்துக்கு 21.8 கோடி டாலர் கொடுத்தது, அவரும் முதல் வருஷமே 19 ஆட்டம் ஜெயித்தார். அதே குளிர்காலத்தில் கார்பின் பர்ன்ஸ் 21 கோடிக்கு அரிசோனா போனார், 11 ஸ்டார்ட் முடிந்ததும் டாமி ஜான் ஆபரேஷன். பர்ன்ஸ் பெயரைச் சொல்பவரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: குடும்பத்தோடு அரிசோனாவில் குடியிருந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆட விரும்பிய ஒருவரை பாஸ்டனுக்குக் கூட்டிவர இன்னும் எத்தனை கோடி ஆகியிருக்கும்?